தபாலில் சதுரங்கம்: ஒரு கார்டுக்கு மூன்று வாரம் காத்திருப்பது எதற்கு?

பிப்ரவரி 4

கேள்வி: செல்பேசியில் மூன்று நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடுகிறது. தபாலில் ஆடினால் இரண்டு வருடம் என்கிறார்கள். எதிராளி வீட்டில் உட்கார்ந்து கணினியைக் கேட்டு ஆடினால் நமக்கு எப்படித் தெரியும்? வீண் வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

வீண் இல்லை. பதினோரு வருடம் தபாலில் ஆடியவன் சொல்கிறேன்.

நான் ஆடிய போட்டிகளில் 10 நகர்த்தலுக்கு 30 நாள் கெடு. கார்டு வழியில் இருக்கும் நாட்கள் கணக்கில் சேராது. கைக்கு வந்த நாள் முதல் பதில் போட்ட நாள் வரைதான் கணக்கு. ஆக, ஒரு நகர்த்தலுக்குச் சராசரியாக மூன்று நாள். அந்த மூன்று நாளும் பலகை முன்னால் தவம் கிடப்பதில்லை. பல் துலக்கும்போதும், எங்கேயாவது வரிசையில் நிற்கும்போதும் அந்த நிலை மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். குதிரையை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது எனக்குப் பல தடவை படி இறங்கும்போதுதான் பிடிபட்டிருக்கிறது. மூன்று நிமிட ஆட்டத்தில் அதற்கு இடமே கிடையாது.

எஸ்தோனியாவின் பால் கெரஸ் சிறு வயதில் தபாலில் ஆடித்தான் வளர்ந்தார். ஒரு கட்டத்தில் ஒரே சமயத்தில் 150 ஆட்டங்கள் வரை நடத்தினார். 150 பலகைகள்! பின்னாளில் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரானார். வீண் வேலை செய்தவருக்கு அது நடக்குமா?

கசப்பும் உண்டு. ஒருமுறை நல்ல ஆட்டம் ஒன்றின் நடுவில் எதிராளி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார். அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

பிப்ரவரி 5

கார்டில் என்னதான் எழுதுவீர்கள் என்று ஒருவர் கேட்கிறார். நான்கு எண்கள். அவ்வளவுதான்.

காய்களின் சுருக்கெழுத்து மொழிக்கு மொழி மாறும். ஆங்கிலத்தில் ‘கே’ என்றால் ராஜா. ரஷ்ய மொழியில் அதே வடிவ எழுத்து குதிரையைக் குறிக்கும். ஜெர்மன்காரர் குதிரைக்கு ‘எஸ்’ போடுவார், பிரெஞ்சுக்காரர் ‘சி’ போடுவார். நாடு விட்டு நாடு ஆடினால் குழப்பம்தான். அதனால் எழுத்தையே விட்டுவிட்டார்கள். இடமிருந்து வலமாக நெடுவரிசைகளுக்கு 1 முதல் 8, கீழிருந்து மேலாகக் குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8. கிளம்பும் கட்டத்துக்கு இரண்டு எண், சேரும் கட்டத்துக்கு இரண்டு எண். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் 5254. வெள்ளை ராஜா குட்டைப் பக்கம் கோட்டை கட்டினால், அதாவது பக்கத்து யானையை நோக்கி இரண்டு கட்டம் போனால், 5171. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால், எந்தக் காயாக மாறுகிறது என்று சொல்ல ஐந்தாவதாக ஓர் எண்: ராணி 1, யானை 2, பிஷப் 3, குதிரை 4. எதிராளியின் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாமல் அவரோடு இரண்டு வருடம் ஆடலாம்.

ஆனால் எண்ணில் கை தவறினால் தப்பிக்க வழி இல்லை. என் இரண்டாவது போட்டியில் நடந்தது இது. நான் வெள்ளை. மூன்றாவது நகர்த்தலில் பிஷப்பை 61-லிருந்து 25-க்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்பானிஷ் தொடக்கம், நூறு தடவை ஆடியது. எழுத வேண்டியது 6125. அவசரத்தில் கடைசி இரண்டு எண்களை இடம் மாற்றி 6152 என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். முறையில்லாத நகர்த்தலாக இருந்தால் செல்லாது என்று திரும்பி வந்திருக்கும். 6152 முறையான நகர்த்தல். பிஷப் வீட்டுக்குப் பக்கத்துக் கட்டத்தில், ராஜாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து பதிவுத்தாளில் எழுதும்போதுதான் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது.

அந்த ஆட்டம் 41 நகர்த்தலில் சமனில் முடிந்தது என்று நினைவு. அதற்கப்புறம் ஒவ்வொரு கார்டையும் எழுதி முடித்ததும் ஒரு காலிப் பலகையில் அந்த நான்கு எண்களை மட்டும் பார்த்துக் காயை நகர்த்தி, சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்த்த பிறகே தபாலில் சேர்ப்பேன்.

பிப்ரவரி 5, மாலை

“கை தவறிவிட்டது என்று உடனே இன்னொரு கார்டு போட்டுத் திருத்தியிருக்கலாமே?”

முடியாது. முறையான நகர்த்தலை அனுப்பிவிட்டால் அனுப்பியதுதான். நேர் ஆட்டத்தில் காயைத் தொட்டால் நகர்த்தியாக வேண்டும் அல்லவா, அதே கதை. இந்தச் சண்டை மிகப் பழையது. 1824 முதல் 1828 வரை லண்டன் சதுரங்கக் கழகமும் ஸ்காட்லாந்தின் எடின்பர்க் கழகமும் கடிதம் மூலம் ஆடின. அதில் லண்டன் தரப்பு அனுப்பிவிட்ட நகர்த்தலைத் திரும்பப் பெறப் பார்த்தது. எடின்பர்க் விடவில்லை. கடைசியில் போட்டியை வென்றதும் எடின்பர்க்தான். ‘ஸ்காட்ச் ஆட்டம்’ என்று இன்றைக்கும் ஆடுகிறோமே, அந்தத் தொடக்கத்துக்குப் பெயர் வந்தது இந்தப் போட்டியால்தான்.

எடின்பர்க் செய்தது சரி என்பது என் கட்சி. ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் அப்புறம் எந்தக் கார்டையும் நம்ப முடியாது.

பிப்ரவரி 9

‘இப்படி ஆடினால்’ நகர்த்தல் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நாட்களை மிச்சப்படுத்தும் வழி அது. “நீங்கள் இன்னதை ஆடினால், என் பதில் இது” என்று ஒரே கார்டில் இரண்டு மூன்று நகர்த்தல் முன்கூட்டியே எழுதிவிடலாம். காய்க்குக் காய் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில் ஒரே கார்டு ஒரு மாதத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

ஒன்று மட்டும் வேண்டாம். “நீங்கள் எதை ஆடினாலும் என் பதில் இது” என்று எழுதவே எழுதாதீர்கள். தபால் ஆட்டக்காரர்கள் புதியவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் இது. வெள்ளை 4244 ஆடுகிறார். கறுப்பு 7776 என்று சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, “அடுத்து எதை ஆடினாலும் 6877” என்றும் சேர்த்து எழுதுகிறார். பிஷப்பை அந்தப் பொந்துக்குள் வைக்கப்போகிறார், அதில் என்ன ஆபத்து என்ற நினைப்பு. வெள்ளை நிதானமாக 3186 ஆடுகிறார். பிஷப் கறுப்பின் வாசலிலேயே வந்து நிற்கிறது. வேறு நேரமாக இருந்தால் கறுப்பு அதைச் சும்மா வெட்டிப்போட்டிருக்கும். ஆனால் கார்டில் எழுதியது எழுதியதுதான். 6877 நடந்தே ஆக வேண்டும். அடுத்து வெள்ளை 8677. கறுப்பின் பிஷப் போயிற்று. மூலையில் இருக்கும் யானைக்கும் போக வழி இல்லை. பலகையை எடுத்து வைத்துப் பாருங்கள், அந்த யானையைச் சொந்தக் குதிரையும் சொந்தச் சிப்பாயுமே அடைத்துக்கொண்டு நிற்கும்.

பிப்ரவரி 12

சதுரங்கம் மட்டும்தானா? இல்லை. என்னைக் கேட்டால் தபாலுக்கென்றே பிறந்த ஆட்டம் ‘டிப்ளமசி’. ஆலன் கேலமர் 1954-ல் உருவாக்கி 1959-ல் வெளியிட்டார். அவரே பின்னாளில் தபால்காரராக வேலை பார்த்தவர். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

ஏழு பேர், ஏழு வல்லரசுகள், 1901-ம் வருட ஐரோப்பா. பகடை கிடையாது. வரைபடத்தில் 34 மையங்கள், 18 பிடித்தவருக்கு வெற்றி. எல்லாரும் தங்கள் படைகளுக்கான உத்தரவை எழுதி ஒரே நேரத்தில் திறப்பார்கள். அதற்கு முன்னால் பேச்சு, பேரம், உடன்படிக்கை, முதுகில் குத்து எல்லாம் நடக்கும். நேரில் ஆடினால் அந்தப் பேரத்துக்குப் பதினைந்து நிமிடம். தபாலில் ஒரு மாதம். ஆறு பேருக்கு ஆறு கடிதம். ஒருவருக்கு எழுதியதும் இன்னொருவருக்கு எழுதியதும் முரண்படாமல் பார்த்துக்கொள்ளவே தனி நோட்டு வேண்டும். உத்தரவுகள் நடுவருக்குப் போகும். அவர் முடிவைக் கையெழுத்துப் பத்திரிகை போல அச்சடித்து எல்லாருக்கும் அனுப்புவார். 1963-ல் ஜான் போர்ட்மன் தொடங்கிய ‘கிராஸ்டார்க்’தான் அந்த வகைப் பத்திரிகைகளுக்கு முன்னோடி. தபாலில் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருடமும் எழுத்தும் சேர்த்து ஓர் எண் கொடுப்பார்கள். அதற்கு இன்றும் போர்ட்மன் எண் என்றுதான் பெயர்.

எனக்கு இங்கிலாந்து வந்தது. முதல் பருவத்தில் லண்டன் கப்பற்படையை வட கடலுக்கும், எடின்பர்க் கப்பற்படையை நார்வே கடலுக்கும் அனுப்புவது வழக்கமான தொடக்கம். நான் உத்தரவை ஆங்கிலச் சுருக்கத்தில் எழுதினேன். வட கடல், நார்வே, நார்வே கடல் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்து ஒன்றே. எடின்பர்க்கிலிருந்து வட கடலுக்கும் போகலாம், நார்வே கடலுக்கும் போகலாம். எதைச் சொல்கிறேன் என்று நடுவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பொருள் தரும் உத்தரவு செல்லாது, படை இருந்த இடத்திலேயே நிற்கும். நின்றது. இந்த மூன்றையும் மட்டும் முழுப் பெயரில் எழுதுங்கள்.

பிப்ரவரி 13

“இரண்டு வருடம் என்பது மிகைதானே?” மிகை இல்லை, கணக்குப் போடுங்கள். டிப்ளமசி ஆட்டத்தில் வரும் ஒரு வருடத்துக்கு வசந்தம், இலையுதிர் காலம் என்று இரண்டு பருவம். பருவத்துக்கு ஒரு மாதக் கெடு. ஆட்டம் பத்து வருடம் ஓடினால் இருபது மாதம். குளிர்காலத்தில் புதுப் படை சேர்ப்பதற்குத் தனிக் கெடு வைத்தால் இரண்டு வருடத்தைத் தாண்டும்.

அதனால்தான் உத்தரவு அனுப்பாமல் விடுவது அவ்வளவு பெரிய குற்றம். ஒருவருடைய கடிதம் வரவில்லை என்றால் அவருடைய படைகள் எல்லாம் சும்மா நிற்கும். பக்கத்து நாட்டுக்காரர் உள்ளே புகுந்துவிடுவார். பாதிப்பு அவருக்கு மட்டும் இல்லை, சமநிலை குலைந்து மற்ற ஆறு பேரின் ஒரு வருட உழைப்பும் வீணாகும். மாற்று ஆட்டக்காரரை நடுவர் தயாராக வைத்திருப்பது இதற்காகத்தான். தோற்பது தவறே இல்லை. கடைசி ஒற்றைப் படையை வைத்துக்கொண்டு மாதாமாதம் உத்தரவு அனுப்பியவர்களை நான் வணங்குகிறேன். சொல்லாமல் நின்றுபோகிறவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. முதல் நாள் சொன்னேனே, ஓடிப்போனவர், அவரையும் சேர்த்துத்தான்.

பிப்ரவரி 15

பகடை வேண்டிய போர் ஆட்டங்களைத் தபாலில் எப்படி ஆடுவது? நல்ல கேள்வி. “எனக்கு ஆறு விழுந்தது” என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

அவலான் ஹில் நிறுவனம் தன் போர் ஆட்டங்களுக்கு விற்ற தபால் தொகுப்பில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. பங்குச் சந்தை. ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு நிறுவனத்தின் பங்கையும், இனி வரப்போகிற ஒரு தேதியையும் முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட வேண்டும். அந்தத் தேதியில் அந்தப் பங்கு எத்தனை கைமாறியது என்று நாளிதழில் வரும். அதன் கடைசி இலக்கம்தான் பகடை. தூர ஊர்களில் இருக்கும் இரண்டு பேர் ஒரே எண்ணைத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஏமாற்ற வழியே இல்லை. காலையில் நாளிதழின் சந்தைப் பக்கத்தைத் திறந்து, தன் பீரங்கிப்படை பிழைத்ததா என்று விரலை ஓட்டித் தேடும் ஒருவரை நினைத்துப் பார்க்கிறேன். எவ்வளவு அழகு!

பிப்ரவரி 20

கேள்வியின் இரண்டாம் பாதியைத் தொடாமலே இருக்கிறேன் என்று கேட்டவர் சரியாகவே சுட்டிக்காட்டுகிறார். கணினி.

மழுப்பாமல் சொல்கிறேன். எதிராளி கணினியைக் கேட்டாரா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. 1951-ல் தொடங்கிய சர்வதேசத் தபால் சதுரங்கக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் கணினி உதவியை அனுமதிக்கிறது. கண்டுபிடிக்க முடியாத ஒன்றைத் தடுத்து என்ன பயன்? விளைவு, உச்ச நிலையில் ஆட்டங்கள் பெரும்பாலும் சமனில் முடிகின்றன. முன்பு அப்படி இல்லை. ஐந்தாவது உலகத் தபால் சாம்பியன் ஹான்ஸ் பெர்லினர் (1965–68) இறுதிச் சுற்றில் 16 ஆட்டத்தில் 12 வென்றார், 4 சமன், தோல்வி ஒன்றுகூட இல்லை. அவர் கணினி அறிஞரும்கூட. 1979-ல் அவருடைய நிரல், பேக்கமன் என்ற பகடை ஆட்டத்தின் உலக சாம்பியனையே தோற்கடித்தது. தபால் ஆட்டத்தின் உச்சத்தைத் தொட்டவரே இயந்திரத்தையும் வளர்த்தார்.

பட்டத்துக்காக ஆடுவது வேறு கதை. நண்பரோடு ஆடும்போது “கணினி வேண்டாம்” என்று முதல் கார்டிலேயே எழுதிவிட்டால் போதும். அப்படி ஒப்புக்கொண்டு ஏமாற்றுகிறவர் யாரை ஏமாற்றுகிறார்? அவர் வீட்டுப் பலகையில் அவர் ஆடவே இல்லை.

டிப்ளமசிக்கு இந்தத் தொல்லையே இல்லை. கடிதம் எழுதி ஆளை நம்பவைக்கிற வேலையைக் கணினியால் செய்ய முடியாது.

பிப்ரவரி 21

மேலே கடைசி வரி தவறு. மெட்டா நிறுவனத்தின் ‘சிசெரோ’ என்ற நிரல் 2022-லேயே அதைச் செய்துவிட்டது. இணையத்தில் மனிதர்களோடு 40 ஆட்டம் ஆடி, ஒன்றுக்கு மேல் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

அவை பருவத்துக்கு ஐந்து நிமிட ஆட்டங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் யோசித்து எழுதிய நான்கு பக்கக் கடிதத்தோடு அதை ஒப்பிட மனம் வரவில்லை. ஆனால் “முடியாது” என்று நான் எழுதியது தப்பு, அதில் மாற்றம் இல்லை.

மார்ச் 2

இத்தனை எழுதியபிறகு பழைய பெட்டியை எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு திருத்தம். ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

சின்னது: 6152 ஆட்டம் 41-ல் முடியவில்லை, 36-ல் முடிந்தது. சமன்தான். எதிராளியின் நான்காவது கார்டில் எண்களுக்குக் கீழே பென்சிலால் ஒரு சிறிய கேள்விக்குறி இருக்கிறது. அவருக்குப் புரிந்திருக்கிறது. அன்று நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பெரியது: ஓடிப்போனவர். அந்த ஆட்டத்தின் கார்டுகளை நூல் கட்டி வைத்திருந்தேன். என் கடைசிக் கார்டுக்கு மூன்று வாரம் பதில் இல்லை. விதிப்படி நகலை உடனே அனுப்பியிருக்க வேண்டும். நான் இன்னும் ஒரு வாரம் கழித்தே அனுப்பினேன். அதற்கும் பதில் வராததால் போட்டி நடுவருக்கு எழுதினேன். வெற்றி எனக்கு என்று அறிவித்தார்கள். இங்கே அவர் ஓடிப்போனார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். சொல்லாமல் விட்டது: அறிவிப்பு வந்த பிறகு அவருடைய கார்டு வந்து சேர்ந்தது. ஒரு மூலை நனைந்து காய்ந்து மை பரவியிருக்கிறது. ஆனால் முத்திரையில் தேதி தெளிவாகத் தெரிகிறது. என் கார்டு கிடைத்த இரண்டாம் நாளே பதில் போட்டிருக்கிறார். வழியில் எங்கேயோ தங்கிவிட்டது.

நகர்த்தல் 4842. யானை நேராக என் இரண்டாவது வரிசைக்குள் இறங்குகிறது. நேற்று இரவு பலகையில் வைத்துப் பார்த்தேன். மிக நல்ல நகர்த்தல். என் இரண்டு சிப்பாய்கள் ஒரே சமயத்தில் காவலின்றித் தொங்குகின்றன. நான் தோற்றிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கார்டு வந்ததும் நடுவருக்கு உடனே தெரிவித்தேனா? இல்லை. என் பதிவுத்தாளில் தேதி இருக்கிறது. ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு அப்புறம்தான் எழுதினேன். ஆட்டத்தைத் தொடரலாம் என்று நடுவர் ஒப்புக்கொண்டார். அதற்குள் எதிராளி போட்டியிலிருந்தே விலகிவிட்டார். நான் தனியாக எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. இத்தனை வருடமாக அந்த ஒன்பது நாளை மறந்துவிட்டு, அவர் ஓடிப்போனார் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

‘ஓடிப்போனவர்’ என்று இரண்டு இடத்தில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பிப்ரவரி 13-ல் எழுதிய சூடான வரிகளையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். கெடு தவறியதும் நகலை அன்றே அனுப்புங்கள். முத்திரைத் தேதியைக் குறித்துவையுங்கள். ஆள் மேல் முடிவு கட்டுவதற்கு முன்னால் தபால் மேல் சந்தேகப்படுங்கள்.

மார்ச் 3

“அந்த ஒன்பது நாளை எழுதாமலே விட்டிருக்கலாமே” என்கிறார் ஒருவர். விட்டிருக்கலாம். பதிவுத்தாள் கையில் இருக்கும்போது முடியவில்லை.

மார்ச் 9

முதலில் கேள்வி கேட்டவர் இப்போது எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார். மகிழ்ச்சி.

ஒரே எதிராளியோடு இரண்டு ஆட்டம் தொடங்குங்கள், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் கறுப்பு. ஒரே கார்டில் இரண்டும் போய்விடும். இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தாள் போட்டு, கார்டு வந்த தேதி, போட்ட தேதி, ஆன நாள், மொத்தம் என்று நான்கு பத்தி கிழித்துக்கொள்ளுங்கள். எதிராளியின் கடைசி நகர்த்தலை உங்கள் கார்டில் திரும்ப எழுதி, அதன்கீழ் உங்கள் பதிலை எழுதுங்கள். இரண்டு பேர் பலகையும் ஒன்றாக இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். பாதியில் நிறுத்த வேண்டி வந்தால் ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்துங்கள்.

எதிராளி கிடைக்கவில்லை என்றால் நான் இருக்கிறேன். கணினி வேண்டாம், 10 நகர்த்தலுக்கு 30 நாள். முதல் ஆட்டத்தில் வெள்ளை உங்களுக்கு. இரண்டாவது ஆட்டத்துக்கு என் நகர்த்தல் 5254, காலிப் பலகையில் சரிபார்த்துவிட்டேன்.